லவுடன் கவுன்ட்டி: யாரு இருக்காங்க, யாரு ஓட்டு போடுறாங்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லவுடன் கவுன்ட்டி எங்க இருக்கு, எலெக்‌ஷன் வந்தா எதுக்கு எல்லாரும் அதையே பார்க்கறாங்க?

வாஷிங்டன் டிசிக்கு மேற்கே, வர்ஜீனியாவோட வடக்கு ஓரத்துல, போட்டோமேக் ஆத்தை ஒட்டி இருக்கு. டல்லஸ் ஏர்போர்ட்ல (டெக்ஸாஸ்ல இருக்குற டாலஸ் இல்லைங்க) இறங்கினவங்க தெரியாமலே லவுடன்ல கால் வச்சிருப்பாங்க, ஏர்போர்ட் நிலத்துல பெரும்பகுதி இந்தக் கவுன்ட்டிக்குள்ள தான் வருது. ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங், லீஸ்பர்க், ப்ராம்பிள்டன், சவுத் ரைடிங், ஆல்டின்னு நம்ம ஆளுங்க வீடு வாங்குற ஊரெல்லாம் இங்க தான். கவுன்ட்டிங்கறது கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் தான், ஆனா கலெக்டர் கிடையாது, ஜனங்க ஓட்டு போட்டு அனுப்புற 9 பேர் கொண்ட சூப்பர்வைசர் போர்டு தான் நிர்வாகம் பண்ணும்.

ஏன் பார்க்கறாங்கன்னா, 2012ல டெமாக்ரட் ஒபாமா இங்க வாங்கினது 51.5%, ரிபப்ளிகன் ராம்னி 47%, நாடு முழுக்க வந்த கணக்கும் ஏறக்குறைய அதே தான். அதுல இருந்தே டிவிக்காரங்களுக்கு இந்தக் கவுன்ட்டி மேல ஒரு கண்ணு. 2024 ராத்திரி பெரிய புறநகர் கவுன்ட்டிகள்ல சீக்கிரமா கிட்டத்தட்ட முழுசா எண்ணி முடிச்ச இடம் இது. கமலா ஹாரிஸ் இங்க பைடன் அளவுக்கு வாங்கலைன்னு தெரிஞ்ச உடனேயே ஸ்டுடியோல உட்கார்ந்திருந்தவங்க முகம் மாற ஆரம்பிச்சிருச்சு, அப்போ பென்சில்வேனியாவெல்லாம் பாதி கூட எண்ணலை.

மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?

2020 சென்சஸ் படி 4,20,959. இந்த நம்பரை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது, பின்னாடி போய் பாருங்க. 1960ல 24,549 பேர், 1980ல 57,427, 1990ல 86,129, 2000ல 1,69,599, 2010ல 3,12,311. அதாவது 1990ல இருந்து ஒவ்வொரு பத்து வருஷமும் ஒரு லட்சம் பேர் பக்கமோ அதுக்கு மேலயோ சேர்ந்துக்கிட்டே இருக்காங்க, இன்னைக்கு இங்க இருக்குற அஞ்சு பேர்ல நாலு பேர் இடத்துக்கு 1990ல ஆளே கிடையாது. அப்போ மாட்டுப் பண்ணையும் குதிரை லாயமும் இருந்த இடத்துல தான் இப்போ நாம டவுன்ஹவுஸ் வாங்கி எச்ஓஏ ஃபீஸ் (குடியிருப்புச் சங்கக் கட்டணம்) கட்டிக்கிட்டு இருக்கோம்.

ஜாதி மதம் எல்லாம் சென்சஸ் கேட்காது, இனம் கேட்கும். 2020ல ஹிஸ்பானிக் இல்லாத வெள்ளையர் பாதிக்குக் கொஞ்சம் மேல, ஏசியன் அஞ்சுல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல, ஹிஸ்பானிக் 14% பக்கம், கறுப்பினத்தவர் 7% பக்கம். 2000ல ஏசியன் வெறும் 5% தான் இருந்தாங்க, 2010ல 15% பக்கம் வந்தாங்க. வருமானத்துல நாட்டுலயே முதல் வரிசைக் கவுன்ட்டி, குடும்ப வருமானத்தோட மீடியன் (பாதிக் குடும்பம் இதுக்கு மேல, பாதி கீழ) வருஷத்துக்கு 1,70,000 டாலர் பக்கம்.

இவ்வளவு பேர் எதுக்கு இங்க வந்தாங்க?

ஏர்போர்ட் 1962ல வந்துச்சு, ஆனா அப்போ உடனே ஒண்ணும் நடக்கலை. 1990கள்ல ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனி தலைமை ஆபீஸை இங்க கொண்டு வந்துச்சு, இன்டர்நெட் லைன்கள் சந்திக்கற இடம் ஆஷ்பர்ன் பக்கம் அமைஞ்சுது, பக்கத்து ஃபேர்ஃபேக்ஸ் கவுன்ட்டில வீட்டு விலை ஏறிப் போச்சு, அரசாங்க கான்ட்ராக்ட் எடுக்குற ஐடி கம்பெனிகளும் இந்தப் பக்கம் பரவ ஆரம்பிச்சுது. ஃபேர்ஃபேக்ஸ்ல ரெண்டு பெட்ரூம் வாங்குற காசுக்கு இங்க நாலு பெட்ரூம் கிடைக்கும்னு ஒருத்தர் வந்தா அவரு ஃப்ரெண்டு வந்தாரு, அப்புறம் அவரோட மச்சான் வந்தாரு, அப்படியே ஒரு தெருவே நம்மாளுங்களா ஆயிருச்சு. 2022 நவம்பர்ல சில்வர் லைன் மெட்ரோ ஆஷ்பர்ன் வரைக்கும் வந்ததுல இன்னும் கொஞ்சம் சேர்ந்துக்கிச்சு.

இந்தியர் எத்தனை பேர்? தமிழர் மட்டும் எத்தனை பேர்னு சொல்ல முடியுமா?

ஏசியன்ல பாதிக்குப் பக்கத்துல இந்தியர் தான், தெலுங்கு பேசுறவங்க நிறைய, அப்புறம் தமிழ், இந்தி, குஜராத்தி, பஞ்சாபின்னு. தமிழரை மட்டும் தனியா எண்ணணும்னா சென்சஸ் உதவாது, சென்சஸ் ஃபார்ம்ல "ஏசியன் இந்தியன்"னு ஒரு கட்டம் தான் இருக்கு. வீட்டுல என்ன பாஷை பேசுறீங்கன்னு கேட்கறது அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேங்கற வேற ஒரு கணக்கெடுப்பு, அது சாம்பிள் எடுத்து பண்றது, அதனால ஒரு கவுன்ட்டி அளவுக்கு இறங்கும்போது கூட்டல் கழித்தல் பிழை ரொம்ப பெருசா வரும். தமிழ்ச் சங்க ஆளுங்க சொல்ற நம்பர், பொங்கல் விழால சாப்பாட்டு டோக்கன் கணக்கு, இதையெல்லாம் வச்சு "இத்தனை ஆயிரம் தமிழ் ஓட்டு"ன்னு வாட்ஸாப்ல சுத்தறதை நம்பாதீங்க. நாம கணிசமா இருக்கோம்ங்கறது மட்டும் உண்மை, 2017ல வர்ஜீனியா சட்டசபை ஜனவரி 14-ஐ பொங்கல் நாள்னு தீர்மானம் போட்டதுக்குப் பின்னாடி இந்த வட வர்ஜீனியா கூட்டம் தான் இருக்கு.

ஏசியன் 21%க்கு மேலன்னா ஓட்டுலயும் அவ்வளவு பங்கு இருக்கும் தானே?

இல்லவே இல்லை, எல்லாரும் தப்பு பண்ற இடம் இது தான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

2020ல 4,20,959 பேர் இருந்த கவுன்ட்டில விழுந்த ஓட்டு சுமார் 2,25,000. மீதி கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் பேர் எங்க போனாங்க? முதல்ல பசங்க. லவுடன் சின்னக் குழந்தைங்க இருக்குற குடும்பங்களோட ஊரு, நாலுல ஒருத்தருக்கு மேல 18 வயசு ஆகாதவங்க. நம்ம வீடுகள்ல இது இன்னும் ஜாஸ்தி, ரெண்டு பெரியவங்க ரெண்டு பசங்கன்னு நாலு தலை சென்சஸ்ல ஏறும், ஆனா பசங்களுக்கு ஓட்டு கிடையாது.

அடுத்தது சிட்டிசன்ஷிப். எச்1பி வேலை விசால இருக்கறவங்களுக்கு ஓட்டு கிடையாது, கிரீன் கார்டு வச்சிருக்கறவங்களுக்கும் கிடையாது. இந்தியால பிறந்தவங்களுக்கு இந்த கிரீன் கார்டு க்யூ எப்படின்னு உங்களுக்கு சொல்லத் தேவையில்லை, ஒரு நாட்டுக்கு 7%ன்னு வரம்பு வச்சிருக்கறதால வேலை மூலமா அப்ளை பண்ணவங்க பத்து வருஷத்துக்கு மேல காத்துக் கிடக்கறாங்க. கிரீன் கார்டு கிடைச்ச பிறகு இன்னும் அஞ்சு வருஷம் போனா தான் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ண முடியும். அப்போ 2008ல வந்து, வீடு வாங்கி, சொத்து வரி கட்டி, பிடிஏ மீட்டிங் போயி, பக்கத்து வீட்டுக்காரரோட எலெக்‌ஷன் பேசி எல்லாம் பண்ற ஒருத்தரு 2024லயும் ஓட்டு போடாதவரா இருக்கறது ரொம்ப சாதாரணம். சென்சஸ் அவரை எண்ணும், ஸ்கூல் அவர் பசங்களை எண்ணும், வோட்டர் லிஸ்ட்ல மட்டும் அவர் இல்லை. சூப்பர்வைசர் தொகுதி பிரிக்கும்போதும் மொத்த ஜனத்தொகையை வச்சுத் தான் பிரிக்கறாங்க, அதனால இப்படி ஆளுங்க நிறைய இருக்குற தொகுதில கொஞ்ச பேர் ஓட்டுலயே ஒருத்தர் ஜெயிச்சிர முடியும்.

அப்புறம் சிட்டிசன் ஆனவங்க எல்லாரும் ரிஜிஸ்டர் பண்றதில்லை, ரிஜிஸ்டர் பண்ணவங்க எல்லாரும் போறதில்லை. பிரசிடென்ட் எலெக்‌ஷனுக்கு வரிசைல நிக்கறவரு அடுத்த வருஷம் ஸ்கூல் போர்டுக்கு வர மாட்டாரு. வர்ஜீனியால வருஷா வருஷம் ஏதாவது ஒரு எலெக்‌ஷன் உண்டு, கவர்னர் எலெக்‌ஷனே பிரசிடென்ட் எலெக்‌ஷனுக்கு அடுத்த வருஷம் தான் வரும். 2020ல 2,25,000 ஓட்டு விழுந்த இதே கவுன்ட்டில 2021 கவர்னர் எலெக்‌ஷனுக்கு விழுந்தது 1,60,000 பக்கம். குறையுறவங்க யாருன்னு பார்த்தா இளசுங்க, வாடகை வீட்டுல இருக்கறவங்க, புதுசா சிட்டிசன் ஆனவங்க தான் அதிகம்.

முன்னாடி இது ரிபப்ளிகன் கோட்டையாமே?

ஆமா. 1964ல லிண்டன் ஜான்சனுக்குப் போட்டது, அதுக்கப்புறம் 1968ல இருந்து 2004 வரைக்கும் பிரசிடென்ட் எலெக்‌ஷன்ல ஒரு தடவை கூட டெமாக்ரட்டுக்குப் போடலை. 2004ல புஷ் 56% பக்கம். 2008ல ஒபாமா 53.7% வாங்கி உடைச்சாரு. 2016ல ஹிலரி 55%, 2020ல பைடன் 61.5%.

ஆனா கோட்டை ஒரே நாள்ல விழலை. 2009 கவர்னர் எலெக்‌ஷன்ல ரிபப்ளிகன் பாப் மெக்டானல் 60% பக்கம் வாங்கினாரு, ஒபாமா ஜெயிச்ச அடுத்த வருஷமே! 2011ல சூப்பர்வைசர் போர்டோட 9 சீட்டும் ரிபப்ளிகன். 2015ல ஃபிலிஸ் ராண்டல் சேர்மன் ஆனாங்க, கறுப்பினப் பெண், டெமாக்ரட். போர்டுல பெரும்பான்மை டெமாக்ரட் கைக்கு வந்தது 2019ல, 6க்கு 3. மேல இருந்து கீழ வர பதினோரு வருஷம் ஆகியிருக்கு பாருங்க.

இன்னும் பழசுக்குப் போனா அது வேற கதை. ஓட்டு போட வரி கட்டணும்ங்கற போல் டாக்ஸ் வர்ஜீனியால 1966 வரைக்கும் இருந்துச்சு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் தான் போச்சு. கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் ஓட்டு போடாம தடுக்க வச்சது அது. அதனால அந்தக் காலத்து ரிசல்ட்டை எடுத்து "அப்போ மக்கள் இப்படி நினைச்சாங்க"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை, பாதி மக்களை உள்ளயே விடலை.

அப்போ ஜனங்க மனசு மாறிட்டாங்களா, இல்ல ஜனங்களே மாறிட்டாங்களா?

இது தான் எனக்குப் பிடிச்ச கேள்வி. பர்சன்டேஜை விட்டுட்டு ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்க. ரிபப்ளிகன் வாங்கினது 2004ல 60,382, 2008ல 63,336, 2012ல 75,292, 2016ல 69,949, 2020ல 82,088. டெமாக்ரட் வாங்கினது 2004ல 47,271, 2008ல 74,845, 2012ல 82,479, 2016ல 1,00,795, 2020ல 1,38,372.

ரிபப்ளிகன் ஓட்டு 2016ல ஒரு தடவை சறுக்கினதைத் தவிர ஏறிக்கிட்டே தான் இருந்திருக்கு. 2016க்கும் 2020க்கும் நடுவுல ட்ரம்ப் 12,000 ஓட்டு கூட வாங்கினாரு, ஆனா பர்சன்டேஜ் 38ல இருந்து 36.5க்கு இறங்கிருச்சு, ஏன்னா அதே நாலு வருஷத்துல அந்தப் பக்கம் 37,000க்கு மேல ஏறிருச்சு. பழைய ஆளுங்க பெரும்பாலும் பழைய இடத்துல தான் இருக்காங்க, அவங்க மேல புதுசா ஒரு ஊரே வந்து உட்கார்ந்திருக்கு. படிச்சவங்க ட்ரம்ப் வந்த பிறகு கட்சி மாறினது இங்கயும் உண்டு, அந்த 2016 சறுக்கல் அதைத் தான் காட்டுது, ஆனா லவுடனைப் பொறுத்த வரைக்கும் ஆள் சேர்ந்த கணக்கு தான் பெருசுங்கறது என் அபிப்பிராயம்.

கவுன்ட்டி முழுக்க ஒரே மாதிரி தான் ஓட்டு விழுதா?

இல்ல. ரூட் 15ங்கற ரோடு வடக்குத் தெற்கா லீஸ்பர்க் வழியா போகுது, அதுக்குக் கிழக்கே ஒரு நாடு மேற்கே ஒரு நாடு. கிழக்கே ஸ்டெர்லிங், ஆஷ்பர்ன், சவுத் ரைடிங், இங்க தான் ஜனமும் ஓட்டும். ஸ்டெர்லிங் பக்கம் சால்வடார், மத்திய அமெரிக்கால இருந்து வந்த குடும்பங்க நிறைய. மேற்கே பர்செல்வில், லவட்ஸ்வில், மிடில்பர்க், அங்க வைன் தோட்டம், குதிரை, கல்லு மதில், வளைஞ்சு போற மண் ரோடு. கவுன்ட்டி அந்தப் பக்கத்தை கிராமப் பகுதின்னு ஒதுக்கி நெருக்கமா வீடு கட்ட விடாம வச்சிருக்கு. அதனால ஓட்டும் நெருக்கமா இல்லை, பெரும்பாலும் ரிபப்ளிகன் பக்கம் சாயும். மேப்ல பார்த்தா கலர் பாதிக்குப் பாதி இருக்கற மாதிரி தெரியும், எண்ணினா கிழக்கு தான் முழுங்கிரும்.

2021ல ஸ்கூல் போர்டு சண்டைனால லவுடன் ரிபப்ளிகன் பக்கம் போயிருச்சுன்னு சொன்னாங்களே?

போகலை. ஆனா ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றதும் பொய்.

2021 ஜூன் 22 ஸ்கூல் போர்டு மீட்டிங்ல கூச்சல் அதிகமாகி போலீஸ் கூட்டத்தை கலைச்சு கைது வரைக்கும் போனது தேசம் முழுக்க டிவில ஓடுச்சு. கொரோனால ஸ்கூல் மூடி வச்ச கோபம், இனம் பத்தி என்ன சொல்லித் தர்றாங்கங்கற சண்டை, திருநர் மாணவர்களுக்கான கொள்கை, எல்லாம் ஒண்ணா சேர்ந்துக்கிச்சு. அப்புறம் ஸ்கூல்ல நடந்த பாலியல் வன்முறை கேஸ்ல நிர்வாகம் நடந்துக்கிட்ட விதம் வெளிய வந்துச்சு, கவுன்ட்டி ஸ்கூல்களோட தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் 2022 டிசம்பர்ல வேலையை விட்டு நீக்கப்பட்டாரு. அந்த வருஷ கவர்னர் பதவிக்கு நின்ன டெமாக்ரட் வேட்பாளர் டெர்ரி மெக்காலிஃப் ஒரு டிபேட்ல, ஸ்கூல் என்ன சொல்லித் தரணும்னு பெத்தவங்க சொல்லக்கூடாதுங்கற மாதிரி பேசி வம்பை விலை கொடுத்து வாங்கினாரு. ரிபப்ளிகன் வேட்பாளர் க்ளென் யங்கின் கடைசி கூட்டத்தையே லீஸ்பர்க்ல தான் போட்டாரு.

ரிசல்ட்? லவுடன்ல மெக்காலிஃப் 55%, யங்கின் 44%. கவுன்ட்டி டெமாக்ரட்டுக்குத் தான் போச்சு. ஆனா முந்தைய வருஷம் பைடனுக்கு இருந்த 25 பாயின்ட் லீட் 11 ஆயிருச்சு. மாநிலம் முழுக்க ரெண்டு பாயின்ட்ல முடிஞ்ச எலெக்‌ஷன்ல, இந்த மாதிரி புறநகர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்சது தான் யங்கினை ஜெயிக்க வச்சுது.

நம்ம பேரன்ட்ஸ் விஷயத்துல டிவில வராத ஒண்ணு உண்டு. ஃபேர்ஃபேக்ஸ்ல இருக்குற தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல், டிஜேன்னு சொல்வோமே, அதுக்கு லவுடன் பசங்களும் அப்ளை பண்ணலாம். 2020ல என்ட்ரன்ஸ் பரீட்சையை எடுத்துட்டாங்க, ஏசியன் பெத்தவங்க கேஸ் போட்டாங்க, 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் எடுத்துக்க மாட்டேன்னு சொல்லிருச்சு. அஞ்சாவதுல இருந்தே சனிக்கிழமை கோச்சிங் கூட்டிட்டுப் போன அப்பாக்களுக்கு இது எவ்வளவு உறுத்துச்சுன்னு எங்க ஆஷ்பர்ன் பக்கம் எந்த பர்த்டே பார்ட்டிலயும் கேட்கலாம். ஒபாமாவுக்கு ஓட்டு போட்டவரு யங்கின் பத்தி நல்ல வார்த்தை சொன்னா அதுக்குக் காரணம் பெரும்பாலும் இங்க இருக்கும்.

2024ல கமலா நம்ம ஊரு பொண்ணு, தமிழ் ஓட்டெல்லாம் அப்படியே விழுந்திருக்குமே?

கமலாவோட அம்மா ஷ்யாமளா கோபாலன் சென்னைல இருந்து போனவங்க, தாத்தா ஊரு மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம், அங்க கோயில்ல அர்ச்சனை எல்லாம் பண்ணாங்க. லவுடன்ல அதுக்கு ஓட்டு பலன் இருந்ததா ரிசல்ட்ல எங்கயும் தெரியலை. பைடன் வாங்கின 61.5% கமலாவுக்கு 56–57க்குள்ள இறங்கிருச்சு, ட்ரம்ப் 36.5ல இருந்து 40க்கு ஏறினாரு. ஓட்டு எண்ணிக்கைலயே கமலா பைடனை விட கீழ. விலைவாசி, வீட்டு லோன் வட்டி, எல்லை விவகாரம்னு மத்த ஊர்ல இருந்த அதே காரணம் தான் இங்கயும், அம்மா எந்த ஊருங்கறது ஓட்டுச்சீட்டுல ரொம்ப தூரம் போகாது.

அடுத்த வருஷமே கதை திரும்புச்சு. 2025ல ட்ரம்ப் அரசு ஃபெடரல் (மத்திய அரசு) வேலைகளை வெட்ட ஆரம்பிச்சப்போ இந்தப் பக்கம் அடி நேரா விழுந்துச்சு, கவர்மென்ட் ஆளு, கான்ட்ராக்டர், அவங்களை நம்பி இருக்குற சப்-கான்ட்ராக்டர்னு வரிசையா. அந்த நவம்பர்ல அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் கவர்னர் எலெக்‌ஷன்ல லவுடன்ல 60%-ஐத் தாண்டிட்டாங்க. அதனால 2024-ஐ வச்சு "லவுடன் சிவப்பாகுது"ன்னு (சிவப்பு ரிபப்ளிகன் நிறம், நீலம் டெமாக்ரட் நிறம்) எழுதினவங்களும் சரி, 2025-ஐ வச்சு "நிரந்தரமா நீலம்"னு எழுதுறவங்களும் சரி, ஒரு எலெக்‌ஷனை ரொம்ப நம்பறாங்க.

இந்தியர் எல்லாம் டெமாக்ரட் தானே?

பெரும்பான்மை ஆமா, எல்லாரும் இல்லை. கார்னகிங்கற ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க இந்திய அமெரிக்கர்கள் கிட்ட எடுத்த சர்வேல 2020ல பைடனுக்கு 72%, ட்ரம்ப்புக்கு 22%. 2024ல கமலாவுக்கு 60க்குக் கொஞ்சம் மேல, ட்ரம்ப்புக்கு 30க்குக் கொஞ்சம் மேல. மாறினது முக்கியமா 40 வயசுக்கு உட்பட்ட ஆம்பளைங்க கிட்ட.

லவுடனுக்குன்னு தனியா அப்படி ஒரு நம்பர் கிடையாது. வர்ஜீனியா வோட்டர் லிஸ்ட்ல இனம் கிடையாது, மதம் கிடையாது, கட்சி கூட கிடையாது. யாராவது "லவுடன் இந்தியர் 43.7% ட்ரம்ப்புக்குப் போட்டாங்க"ன்னு தசம புள்ளியோட சொன்னா, பேரை வச்சு இனத்தை ஊகிச்சு, ப்ரீசிங்க்ட் (ஒரு வாக்குச்சாவடிக்கான வட்டாரம்) ரிசல்ட்டோட கோர்த்து கம்ப்யூட்டர்ல போட்ட மதிப்பீடுன்னு புரிஞ்சுக்கோங்க. ஷர்மா இந்தியர்னு கண்டுபிடிக்கும், தாமஸ், ஜோசஃப்னு பேர் வச்ச நம்ம நாகர்கோவில் ஆளை கண்டுபிடிக்காது.

நம்ம ஆளுங்க யாராவது ஜெயிச்சிருக்காங்களா?

சுஹாஸ் சுப்பிரமணியம். ஒபாமா வெள்ளை மாளிகைல டெக்னாலஜி ஆலோசகரா இருந்தவரு, 2019ல மாநில சட்டசபைக்கு, 2023ல மாநில செனட்டுக்கு (மேல் சபை), 2024 நவம்பர்ல வர்ஜீனியா 10வது தொகுதில இருந்து காங்கிரஸுக்கு. அதுக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்த ஜெனிஃபர் வெக்ஸ்டன் உடம்பு முடியாம விலகினாங்க. டெமாக்ரட் ப்ரைமரில (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற ஓட்டு) ஒரு டஜன் பேர் நின்னாங்க, அதுல ஜெயிக்கறது தான் கஷ்டமா இருந்துச்சு. பகவத் கீதை மேல கை வச்சு பதவி ஏத்துக்கிட்டாரு. அவர் விட்ட மாநில செனட் சீட்டுக்கு 2025 ஜனவரில நடந்த இடைத்தேர்தல்ல கண்ணன் ஸ்ரீனிவாசன், கண்ணன் விட்ட சட்டசபை சீட்டுக்கு அதே நாள்ல ஜேஜே சிங். ஜனவரி குளிர்ல, பனியில யாரு வருவாங்கன்னு எல்லாரும் பயந்த எலெக்‌ஷன் அது.

இவங்க ஜெயிச்சது இந்திய ஓட்டுல மட்டும் இல்லைங்க, அந்தக் கணக்கு மேலயே போட்டுட்டோம். பணம் திரட்டறது, வீடு வீடா கதவு தட்டறதுன்னு உழைப்புல நம்ம சமூகம் பெருசா நின்னுச்சு, ஓட்டு போட முடியாத எச்1பி வீட்டு பசங்க கூட துண்டுச் சீட்டு எடுத்துட்டுப் போனாங்க. ஓட்டு எல்லாத் தெருவுல இருந்தும் வந்துச்சு.

உள்ளூர் எலெக்‌ஷன்ல எதைப் பத்தி சண்டை?

டேட்டா சென்டர், டேட்டா சென்டர், டேட்டா சென்டர். ஆஷ்பர்ன் சுத்தி உலகத்துலயே நெருக்கமான டேட்டா சென்டர் கூட்டம் இருக்கு. அதுல வர்ற வரி கவுன்ட்டியோட சொத்து வரி வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல. 2010களோட ஆரம்பத்துல வீட்டு மதிப்பு 100 டாலருக்கு 1.20 டாலருக்கு மேல வரி இருந்துச்சு, இப்போ 80 சென்ட் பக்கம் வந்ததுக்கு இது முக்கிய காரணம். ஆனா வீட்டு பின்பக்கம் ஜன்னல் இல்லாத கட்டடம், ராத்திரி பூரா கூலிங் மெஷின் இரைச்சல், கரன்ட் கம்பி எந்த வீட்டு மேல போறதுன்னு சண்டை. 2025ல போர்டு, தானா அனுமதி கிடைக்கற முறையை எடுத்துட்டு ஒவ்வொரு டேட்டா சென்டரும் விசாரணைக்கு வரணும்னு மாத்துச்சு. இதுல டெமாக்ரட் ரிபப்ளிகன் கோடு சரியா விழறதில்லை, மேற்குல குதிரை வளர்க்கற ரிபப்ளிகனும் கிழக்குல டவுன்ஹவுஸ் டெமாக்ரட்டும் ஒரே மைக்குல மாத்தி மாத்தி பேசுவாங்க.

ப்ரீசிங்க்ட் வாரியா ரிசல்ட் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனா 2020-ஐத் தொடும்போது ஜாக்கிரதை. அப்போ தபால் ஓட்டும் முன்கூட்டியே போட்ட ஓட்டும் எந்தத் தெருவுல இருந்து வந்ததுன்னு பிரிக்காம ஒரே மூட்டையா மொத்தக் கணக்குல போட்டாங்க. கொரோனா வருஷம், டெமாக்ரட் ஆளுங்க முன்னாடியே போட்டாங்க, ரிபப்ளிகன் ஆளுங்க நேர்ல வந்தாங்க. அதனால ப்ரீசிங்க்ட் கணக்கை மட்டும் எடுத்தா 2020ல ட்ரம்ப் எங்க பார்த்தாலும் ஜெயிச்ச மாதிரி இருக்கும். இதை வச்சு மோசடின்னு வீடியோ போட்டவங்களும் உண்டு. அதுக்கப்புறம் சட்டம் மாத்தி ப்ரீசிங்க்ட் வாரியா பிரிக்கறாங்க, அதனால 2024-ஐ 2020-ஓட தெரு அளவுல ஒப்பிட்டு "எங்க ப்ராம்பிள்டன்ல இத்தனை பாயின்ட் மாறிருச்சு"ன்னு சொல்றது தப்பு. கவுன்ட்டி மொத்தத்தை ஒப்பிடுங்க, போதும்.

ஓட்டுச்சீட்டுல சூப்பர்வைசர், ஸ்கூல் போர்டு பேருக்குப் பக்கத்துல கட்சியே இல்லையே, யாருக்குப் போடறது?

வர்ஜீனியால ஃபெடரல், மாநிலம் தழுவின பதவி, சட்டசபை, இதுக்கு மட்டும் தான் சீட்டுல கட்சி பேர் போடுவாங்க. உள்ளூர் பதவிக்கு பேர் மட்டும் தான். அதான் ஸ்கூல் வாசல்ல 40 அடி கோட்டுக்கு வெளிய மடக்கு மேஜை போட்டு கட்சிக்காரங்க சாம்பிள் ஓட்டுச்சீட்டு குடுக்கறாங்க, நீலத் தாள் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம், சில வருஷம் யாரோ சமோசா தட்டும் வச்சிருப்பாங்க. அந்தத் தாளை உள்ள எடுத்துட்டுப் போகலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மேஜைல வச்சு பார்த்து முட்டை வடிவ கட்டத்தை நிரப்பிட்டு ஸ்கேனர்ல விடணும். தாளைக் காட்டி உள்ள பிரசாரம் மட்டும் பண்ணக் கூடாது.

டெமாக்ரட்டாவோ ரிபப்ளிகனாவோ ரிஜிஸ்டர் பண்ணணுமா?

வேணாம். இங்க கட்சி ரிஜிஸ்ட்ரேஷனே கிடையாது. ப்ரைமரில எந்தக் கட்சி சீட்டு வேணும்னு அங்க போய் கேட்டா குடுப்பாங்க, ஒரு நாள்ல ஒண்ணு தான். 45 நாள் முன்னாடியில இருந்தே காரணம் சொல்லாம ஓட்டு போடலாம்.

கிரீன் கார்டு இருக்கு, டிஎம்வில லைசென்ஸ் எடுக்கும்போது ஓட்டுக்கும் கேட்டாங்க, சைன் பண்ணலாமா?

பண்ணவே பண்ணாதீங்க. டிஎம்வில மெஷின் எல்லாரையும் கேட்கும், நீங்க அமெரிக்க சிட்டிசனான்னு. பின்னாடி வரிசை நிக்குதேன்னு அவசரத்துல ஆமான்னு தட்டிட்டா பேரு வோட்டர் லிஸ்ட்ல ஏறிரும். சிட்டிசன் இல்லாம ரிஜிஸ்டர் ஆகியிருந்தாலே, ஓட்டு போடலைன்னா கூட, பின்னாடி என்-400ங்கற சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் போடும்போது அந்தக் கேள்வி வரும், நாடு கடத்தற அளவுக்குப் போகலாம். இல்லைன்னு தட்டுங்க. தப்பா தட்டியிருந்தா லீஸ்பர்க்ல இருக்குற எலெக்‌ஷன் ஆபீஸுக்கு எழுதி பேரை எடுக்கச் சொல்லி, எடுத்ததுக்கான கடிதத்தை வாங்கி வச்சுக்கிட்டு, அப்ளிகேஷனைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க.